பூமாவுக்குக் கட்டிய கோணித்திரை

காலை ஏழு மணிக்குச் செசிலியா இறைச்சி வெட்ட உட்காருவாள். வீட்டுக்குப் பின்புறம், பலகைச் சுவரை ஒட்டி ஒரு புளியங்கட்டை. அதன்மேல் எருமைத் தொடையும் விலாவும். பாசார் இறைச்சிக் கடையிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கத்தியை இரண்டு தடவை கல்லில் தேய்ப்பாள். எலும்போடு வெட்ட வேண்டும். வெறும் சதையாகத் தின்கிற குட்டிக்குக் கால் வளையும் என்பது அவள் பார்த்துத் தெரிந்துகொண்டது. புலிக்குத் தொடை, பூமாக்கள் இரண்டுக்கும் விலாவும் ஈரலும். மூன்று வாளி நிறைந்ததும் ஈரத் துணியால் மூடிவிட்டு, "என்னங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள்.

வாளிகளைத் தூக்கிக்கொண்டு போவது அவள் புருஷன் மரியநாயகம். அவருக்குத்தான் வேலை, அவருக்குத்தான் சம்பளம். ஆனால் வெட்டுவதற்கு அவருக்குக் கை வராது. "ரத்தத்தப் பாத்தா எனக்குக் கண்ண இருட்டும்லா" என்று புலிக்காவல்காரரான அவரே சொல்லிக் கேட்டு, கோலாலம்பூருக்குப் பக்கத்துக் கிளாங் ஊர்ப் பாசாரே சிரித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை கட்டை காயும். வேதக்காரர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாமிசம் இல்லை. தின்னாததை வெட்டுவானேன் என்பது செசிலியாவின் கட்சி. ஆரம்பத்தில் மிருகங்களுக்குச் சொந்தக்காரரான சீன முதலாளி, தவுக்கே, கோபப்பட்டார். "நீ சாமி கும்பிடுறே, சரி. புலியும் கோயிலுக்குப் போவுதா?" என்று மலாயில் கேட்டார். செசிலியா கத்தியை எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், வாரத்தில் ஒரு நாள் வயிறு காய்ந்த மிருகங்கள் மற்ற நாளில் மிச்சம் வைக்காமல் தின்றன, கழிச்சலும் நின்றிருந்தது. அதன்பிறகு தவுக்கே தன் கூட்டாளிகளை அழைத்துவந்து காட்டும்போது, "என் புலி கிறிஸ்துவன்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

தவுக்கேக்கு ரப்பர் கிடங்கும் இரண்டு லாரியும் இருந்தன. புலி வளர்க்கும் எண்ணம் இருந்ததில்லை. கப்பலில் வந்த ஒரு சர்க்கஸ் கம்பெனி, முப்பதாம் வருஷம் கிளாங்கில் கூடாரம் போட்டது. ரப்பர் விலை விழுந்த நேரம்; டிக்கட் வாங்க ஆள் இல்லை. கம்பெனி கலைந்தது. முதலாளி கப்பலேறுவதற்காக, கிடைத்த விலைக்கு மூன்று கூண்டுகளைத் தவுக்கேயின் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஒன்றில் கிழட்டு ஆண் புலி. மற்ற இரண்டிலும் யாரும் பார்த்திராத மிருகம்: மானின் நிறம், கோடில்லை, புள்ளியில்லை, தலை சிறிசு, வால் கயிறுபோல நீளம். கூண்டின் தகட்டில் 'பூமா' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அமெரிக்கா பக்கத்து மலைகளில் இருப்பதாம். அதே வருஷம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் ஆள் குறைத்ததில் மரியநாயகத்துக்கு வேலை போயிருந்தது. தவுக்கேயின் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த பலகை வீடும் மூன்று கூண்டுகளும் சேர்ந்தாற்போல் வந்தன.

செசிலியாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கிளாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, தாய் தகப்பன் போனபின் கன்னியாஸ்திரீகள் மடத்துச் சமையலறையில் வளர்ந்தவள். பதினாறில் கல்யாணம். பெற்றது ஐந்து. நாலு பிள்ளைகள் காய்ச்சலிலும் பேதியிலுமாக, ஒன்றுகூட மூன்று மாதம் தாண்டாமல் போயின. மிஞ்சியது ஜோசஃபின் ஒருத்தி. அந்த நாலையும் பற்றி அவள் பேசுவதில்லை. யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "ஒண்ணு" என்பாள்.

மிருகங்களை அவள் பக்கத்து வீட்டாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்: வேலையைச் செய்துகொண்டே, ஓரக்கண்ணால். தின்றவுடன் படுத்துவிடுகிற புலிக்குத் 'துரை' என்று பெயர் வைத்தாள். துரை உறுமினால் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் பழகினவரைக் கண்டால் வாயைத் திறக்காமல், குதிரை மூச்சு விடுவதுபோல உதட்டுக்குள்ளே ஒரு சத்தம் போடும். அதுதான் அதன் ஸ்தோத்திரம். அவளுக்கு அது கிடைக்க ஏழு மாதம் ஆனது.

பூமாக்கள் வேறு ரகம். உறுமத் தெரியாது. சந்தோஷம் வந்தால் வீட்டுப் பூனைபோலக் குர்ரென்கும். கூப்பிடுவதென்றால் குருவிபோலக் கீச்சென்கும். ஆணும் பெண்ணும் அடுத்தடுத்த கூண்டில், நடுவே மேலே தூக்குகிற பலகைக் கதவு. பெண்ணை அவள் 'மஞ்சக்காரி' என்றாள். ஆணுக்குப் பெயர் வைக்கவில்லை. "அவன்" என்பதோடு சரி.

மஞ்சக்காரிக்குப் பருவம் வந்த மாலையில் அவள் போட்ட கூச்சலில், பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பின்னாலேயே சைக்கிளில் ஒரு போலீஸ்காரர்.

"எந்த வீட்டுல பொம்பளைய அடிக்கிறீங்க?"

மரியநாயகம் கூண்டைக் காட்டினார். "இந்தம்மாதான். கேஸ் எழுதிக்குங்க."

"இதுவா கத்துனது?"

"ஆமாங்க. அடிக்கலைன்னுதான் கத்துறா. மாப்பிள்ளை வேணுமாம்."

போலீஸ்காரர் சிரித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். நடுக்கதவைத் தூக்கிவிட்டார்கள். நாலு நாள் இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. ஐந்தாம் நாள் அவள் அவனைப் பார்த்துச் சீறினாள். கதவு இறங்கியது. அதற்குப்பின் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல, தலை மாற்றிப் படுத்தன.

மூன்று மாதம் கழித்து மூன்று குட்டிகள், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளியோடு. தவுக்கேக்குத் தலைகால் புரியவில்லை. உறவினர்களையெல்லாம் வண்டி வைத்து அழைத்துவந்தார். ஒரு நாள் கூண்டுக்கு முன் நின்றுகொண்டு, "தகப்பன் இன்னும் பாக்கலியே?" என்றார். அடுத்த கூண்டில் அவன் கம்பியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு கீச்சிட்டபடி இருந்தான். பார்க்கிறவருக்குப் பாவமாகத்தான் இருந்தது.

செசிலியாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தகப்பன் மூன்று வாரமாக வரவில்லை என்றால் எந்தத் தெருவிலும் பேச்சு வரும். மரியநாயகம் வாளி கழுவிக்கொண்டிருந்தார். அவளே போய்க் கதவைத் தூக்கினாள்.

அவன் அவசரமே இல்லாமல் உள்ளே போனான். குனிந்து முகர்ந்தான். முதல் குட்டியின் கழுத்தில் ஒரு பிடி; அடுத்தது; அடுத்தது. சத்தமே இல்லை. மஞ்சக்காரி மேலே விழுந்து அடித்ததில் அவளுடைய வலது காது கிழிந்ததுதான் மிச்சம். மரியநாயகம் தண்ணீரை ஊற்றி, கழியால் குத்தி அவனைப் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தவுக்கே காரில் ஏறிப் போனார்.

அடுத்த நாளும் செசிலியா ஏழு மணிக்கு இறைச்சி வெட்டினாள். அவனுக்கும் வெட்டினாள்.

மூன்றாம் வாரம் மஞ்சக்காரி மறுபடி கூச்சல் போட ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. "வெக்கங்கெட்டவ" என்று திட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மரியநாயகம்தான் கதவைத் தூக்கினார். அதன்பிறகு அந்தக் கதவுக்கு அவள் ஒரு பூட்டு வாங்கினாள். சாவியை ஜெபமாலையோடு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் ஈற்றுக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. தவுக்கேயின் கிடங்கிலிருந்து அரிசிக் கோணிகளை வாங்கிப் பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, கூண்டின் நாலு பக்கமும் தொங்கவிட்டாள். உள்ளே வைக்கோல், இருட்டு. தண்ணீரும் இறைச்சியும் வைக்க ஒரு மூலையில் ஒரு முழத்துக்குத் திறப்பு. தவுக்கே வந்து, "நான் காசு குடுத்து வாங்கின மிருகத்த நான் பாக்கக் கூடாதா?" என்றார்.

"பிள்ளை பெத்த ரூம்புல ஆம்பளைக்கு என்ன வேலை?" என்றாள்.

தவுக்கே மரியநாயகத்தைப் பார்த்தார். மரியநாயகம் புலியைப் பார்த்தார்.

குட்டிகள் இரண்டு. பத்தாம் நாள் கண் திறந்தன, நீலக் கண். திறப்பு வழியாக அவள் ஒருத்திதான் பார்த்தாள். தாய் படுத்தபடி குர்ரென்று ஓயாமல் தறி ஓடுவதுபோலச் சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எட்டாம் வாரம் மஞ்சக்காரியே கோணியை நகத்தால் கிழித்து இழுத்து எறிந்தாள். குட்டிகள் வெயிலுக்கு வந்தன. அவன் மட்டும் பூட்டுக்கு அந்தப்புறமே கிடந்தான். செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். "கிளாங்குல ஒரு வேதக்காரம்மா பூமாவுக்குப் பிரசவம் பாக்குறா" என்று பேச்சு.

அந்தக் குட்டிகள் வெயிலுக்கு வந்த மாதம்தான் ஜோசஃபின் தலைச்சன் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள்.

அவள் புருஷன் வாலண்டைன், கோலாலம்பூரில் செந்தூல் ரயில் பட்டறையில் பாய்லர் பிரிவு. கல்யாணமாகி ஒரு வருஷம். பிரிக்ஃபீல்ட்ஸில் அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் குடித்தனம். நல்ல உயரம், கறுப்பு, பெரிய கை. வாயைத் திறந்தால் சத்தம். கல்யாணமான மூன்றாம் நாள் கோலாலம்பூர் ஸ்டேஷனில், "குடை எங்க?" என்று அவன் ஜோசஃபினைக் கேட்டது பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி இருந்தது. செசிலியாவும் அந்தப் பிளாட்பாரத்தில்தான் நின்றாள். அதை மறக்கவில்லை.

ஆண் பிள்ளை பிறந்தது. நாலாம் நாள் கோயிலில் ஞானஸ்நானம்; இக்னேஷியஸ் என்று பெயர். ஞானத்தாய் பிள்ளையை ஏந்தியிருந்தாள். வாலண்டைன் ஓர் ஓரத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். வீட்டுக்கு வந்ததும் செசிலியா பிள்ளையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அறை வாசலில், பூமா கூண்டில் மிஞ்சிய கோணித் துண்டு தொங்கியது.

"நாப்பது நாள் போவட்டும், மாப்பிள்ள" என்றாள் உள்ளிருந்தபடியே. அதில் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. நாற்பது நாள் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து, காலை ரயிலில் அவன் வருவான். ஒரு வாரம் பூண்டு, ஒரு வாரம் சுறாக் கருவாடு, ஒரு வாரம் பிள்ளைக்கு ஃபிளானல் துணி. கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு, புலிக் கூண்டுக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் உட்காருவான். மரியநாயகம் பக்கத்தில் உட்காருவார். உள்ளே பிள்ளை அழுதால் அவன் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும்.

"எடை ஏறிருக்கானா, மாமா?" என்று அவன் கேட்பது அறைக்குள் மூன்று பேருக்கும் கேட்கும். பிள்ளை திடுக்கிட்டுக் கைகளை விரிக்கும். செசிலியா ஜோசஃபினை ஒரு பார்வை பார்ப்பாள்.

"மெதுவாக் கேளுப்பா. துரை தூங்குறாரு" என்பார் மரியநாயகம்.

நாற்பதாம் நாள் தாயும் பிள்ளையும் கோயிலுக்குப் போய் ஆசீர்வாதம் வாங்கி வந்தார்கள். அன்று வாலண்டைன் லீவு போட்டு, இரட்டை எதிர்பார்ப்போடு வந்திருந்தான். புதுச் சட்டை.

"கழுத்து இன்னும் நிக்கலை" என்றாள் செசிலியா. "அறுவது ஆவட்டும்."

அறுபதில் பிள்ளைக்குச் சளி. எழுபதில் காற்று சரியில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருமகனைப் பார்த்து ஒரு ஞாயிறு துரை எழுந்து கம்பியருகே வந்தது. உதட்டுக்குள் அந்தச் சத்தத்தைப் போட்டது. செசிலியா ஜன்னல் வழியே பார்த்தாள். ஜன்னலைச் சாத்தினாள்.

"ஏம்மா, உனக்கு அவரு மேல என்ன?" என்று ஜோசஃபின் கேட்காமல் இல்லை.

"எனக்கென்ன? பிள்ளை மூணு மாசம் தாண்டட்டும்னு பாக்குறேன். உள்ளதச் சொல்லு, உன்னை எப்பவாச்சும் கை நீட்டியிருக்காரா?"

"இல்ல."

"நீட்டுறவன் சொல்லிட்டுத்தானா நீட்டுவான்?"

ஜோசஃபின் பிள்ளைக்குத் துணி மாற்றப் போனாள்.

எண்பத்தெட்டாம் நாள், ஒரு ஞாயிறு, வாலண்டைன் பூண்டும் கருவாடும் இல்லாமல் வெறுங்கையோடு வந்தான். பெஞ்சில் உட்காரவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மாமி, செந்தூல்ல குவாட்டர்ஸ் குடுத்திருக்காங்க. ரெண்டு ரூம்பு. குடும்பத்தோட இருக்கிறவங்களுக்குத்தான். இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள குடி வந்துடணும், இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னு ஆபீஸ் கிராணி சொல்லிட்டாரு. ரெண்டு மணி ரயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். கம்பத்துக் கோழிகள் பறந்தன.

"யாரைக் கேட்டு?" என்றாள் செசிலியா.

வாலண்டைன் முகத்தைச் சுளித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்தான். "என்ன மாமி? சரியாக் கேக்கலை."

அவள் கோணியை விலக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். மரியநாயகம் மருமகனின் தோளில் கைபோட்டுப் பெஞ்சுக்கு அழைத்துப் போனார். "வா. போலீஸ் ஸ்டேஷன்ல மனு குடுத்த மாதிரிதான். இனி உக்காந்துதான் ஆகணும்."

அறையில் ஜோசஃபின் தகரப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். பிள்ளையின் துணிகள் ஏற்கனவே அடியில் கிடந்தன. செசிலியாவுக்கு அது ஒரு அடி. அப்படியானால் மகளுக்கு முன்னமே தெரியும்.

"போன வாரமே சொன்னாரா?"

"அப்பாகிட்டச் சொல்லி அனுப்பினாரு."

"அந்த மனுசரும் சேர்ந்துதானா?" செசிலியா கட்டிலில் உட்கார்ந்தாள். "இன்னும் ஒரு மாசம் போவட்டும்டி. தொண்ணூறுகூட ஆவலை. குவாட்டர்ஸ் போனா இன்னொண்ணு வரும்."

"வராதும்மா. ஆள வெளியே அனுப்பிக்கிட்டிருக்கிற காலம் இது. இவரு நல்ல வேலைக்காரர்னு குடுத்திருக்காங்க."

"நீ பாக்கலை. நான் பாத்தேன். கம்பியில முகத்தத் தேச்சிக்கிட்டு, குருவி மாதிரி கூப்பிட்டுக்கிட்டு நின்னான். பாவம்னு நெனச்சேன். நான்தான்டி கதவத் தூக்கினேன். இந்தக் கையால."

"அது பூமா."

"ஆம்பளை ஆம்பளைதான்."

"அப்ப அப்பா?" ஜோசஃபின் துணி மடிப்பதை நிறுத்தினாள். "எனக்கு முன்னாடி நாலு போச்சே. அதுக்கும் அப்பாவா காரணம்? அவர நீ எந்த ரூம்புக்கு வெளிய வெச்ச?"

ஐந்து பிரசவத்துக்கும் வெந்நீர் போட்டது மரியநாயகம். ரத்தத்தைக் கண்டு மயங்குகிற மனிதர், அடுப்படியில் உட்கார்ந்து விறகை ஊதிக்கொண்டு.

"மாப்பிள்ள சத்தம் போடுறாரே" என்றாள் செசிலியா. சொன்ன குரலில் முன்னிருந்த உறுதி இல்லை.

"பாய்லருக்கு உள்ள போயி உக்காந்து, வெளியிலேருந்து அடிக்கிற ஆணிய உள்ள பிடிச்சிக்கிறது அவரு வேலை. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தலையச் சுத்தி இரும்புதான். அவருக்கு வலது காது கேக்காது, இடது அரைகுறை. தான் பேசுறது தனக்கே கேக்கலை, அதான் கத்துறாரு. என்கிட்ட ரகசியம் பேசினாக்கூட அண்ணன் வீட்டுல எல்லாரும் எழுந்து உக்காந்துக்குறாங்க." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடங்கியது. "உன் பூமா சத்தம் போட்டுட்டுத்தானா கடிச்சுது?"

"இத ஏன்டி முன்னாடியே சொல்லலை?"

"பட்டறையில தெரிஞ்சா கழிச்சிடுவாங்கன்னு யாருக்கும் சொல்ல வேணாம்னாரு. காது போனவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டமேன்னு நீ நெனப்பன்னு வேற அவருக்கு வெக்கம்." ஜோசஃபின் பெட்டியை மூடி, கொக்கியை மாட்டினாள். "பன்னண்டு ஞாயித்துக்கிழம வந்தாரும்மா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவரு கையில பிள்ளையக் குடுத்தியா நீ?"

வெளியே மரியநாயகம் ஏதோ சொல்ல, வாலண்டைன் "என்ன மாமா?" என்று கேட்டது சுவரைத் தாண்டி வந்தது. பிள்ளை இந்தத் தடவை திடுக்கிடவில்லை. கண்ணைத் திறந்து, சத்தம் வந்த பக்கம் பார்த்தது.

செசிலியா எழுந்து அலமாரியிலிருந்து ஓமத் தண்ணீர் போத்தலை எடுத்தாள். தாளில் சுற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு ஃபிளானல் துணியை. பிறகு வைக்க ஒன்றும் இல்லை.

"ராத்திரி பால் குடுத்ததும் தோள்ல போட்டுத் தட்டு. படுக்கப் போட்டுடாத."

"சரி."

"குவாட்டர்ஸ்ல கொசு இருக்கும். வலை இருக்கா?"

"வாங்கி வெச்சிருக்காரு."

ஜோசஃபின் பிள்ளையைத் தூக்கினாள். மூன்று மாதத்துக்குக் கனமான பிள்ளை. கழுத்து நன்றாக நின்றது. செசிலியா தலையில் கை வைத்து, நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தாள். கையை எடுக்கச் சற்று நேரமானது.

"ஜோசி."

"ம்?"

"நான் அவரை வெளியே வெச்சது, இவன் பிழைக்கணும்னுதானே? உனக்கும் அப்படித்தானே தோணுது?"

ஜோசஃபின் தாயின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கையால் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, மறுகையால் பெட்டியைத் தூக்கினாள். கோணியைத் தோளால் தள்ளிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.